நியூட்ரலில் ஓடிய கரண்ட்

டெல்லியில் ஏழு மாடி அரசுக் கட்டடம் ஒன்றின் மின்சாரப் பராமரிப்பில் நான் ஜூனியர் இன்ஜினியராக இருந்தேன். திருநெல்வேலியில் டிப்ளமா முடித்து, பரீட்சை எழுதித் தேறி வந்தவள். கணவருக்கு வங்கி வேலை. ஜனக்புரியில் வீடு, ஆர்.கே.புரம் பக்கம் ஆபீஸ், நடுவில் பஸ். மெட்ரோவுக்குத் தூண்கள் மட்டும் வந்திருந்த காலம் அது.

ஒருநாள் எங்கள் ஆபீசுக்கு ஒரு பெட்டி வந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதிக் கேட்ட பொருள். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஏன் கேட்டார் என்பது யாருக்கும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் விரல் கனத்தில், வளைகிற ஒரு கயிறு. அதன் முனையிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி ஒரு சின்ன மீட்டருக்குப் போனது.

அதுவரை கரண்டை அளக்க எங்களிடம் இருந்தது டாங் டெஸ்டர் ஒன்றுதான். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து கம்பியைக் கவ்வி, இத்தனை ஆம்பியர் என்று சொல்லும். கனத்த கேபிளை அதனால் கவ்வ முடியாது. பேனலின் பின்மூலையில் இருக்கும் கேபிளை எட்டவும் முடியாது. இந்தக் கயிறு எந்த இடுக்கிலும் நுழையும். கேபிளைச் சுற்றி வளைத்து இரண்டு முனைகளையும் பூட்டிவிட்டால் போதும். கம்பியை அறுக்காமல், தொடாமல், உள்ளே ஓடுவதை மீட்டரில் பார்க்கலாம். ஆபீசில் இருந்த இந்திக்காரர்கள் அதற்கு உடனே தங்கள் மொழியில் கயிறு என்ற பொருளில் ‘ரஸ்ஸி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விற்றவர்கள் செயல்முறை விளக்கத்துக்கு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் கூட்ட அறையில் சமோசா சாப்பிட்டுவிட்டு, ரஸ்ஸியை ஒரு நாற்காலிக் காலில் சுற்றிக் காட்டினார். மீட்டர் சைபர் காட்டியது. எல்லோரும் தலையாட்டினோம். பிறகு அந்தப் பெட்டி எங்கள் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியரின் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது. பாதுகாப்பாக அளப்பது என்றால் அளக்கும் கருவியைப் பாதுகாப்பது என்று எங்கள் ஆபீஸ் எடுத்துக்கொண்டது.

பெட்டியோடு வந்த கையேட்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் படித்தேன். எப்படி அளப்பது என்பதற்கு ஒரு பக்கம். எப்படியெல்லாம் சாகலாம் என்பதற்கு ஆறு பக்கம். உறையில்லாத கம்பியில் கரண்ட் ஓடும்போது இதைச் சுற்றவும் கூடாது, கழற்றவும் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைந்ததா என்று சோதிக்க வேண்டும். பிறகுதான் கயிறு. கயிற்றின் மேல்தோல் தேய்ந்து உள்ளே வேறு நிறம் தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இவ்வளவையும் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பேனல் அறைக்குப் போவதைப் பார்த்தாலே ‘மேடம், நீங்க எதுக்கு?’ என்று கேட்கிற ஆபீஸ் அது. அங்கே எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் கிடைத்திருந்தது.

அதைப் பயன்படுத்தும் நாளும் வந்தது. மேல் மூன்று மாடிகளில் அலமாரி அலமாரியாக இருந்த காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலும் அறுபது கம்ப்யூட்டர்கள் வருவதாக ஏற்பாடு. இருக்கிற கேபிள் தாங்குமா என்று அளந்து எழுதிக் கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது.

எங்கள் அதிகாரியான அந்த எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் லக்னோ பக்கத்துக்காரர். திட்டும்போதுகூட மரியாதையாக ‘ஆப்’ போட்டுத்தான் திட்டுவார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

“சார், ஒரு கேபிளுக்கு ரெண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் மெயினை அணைக்கணும்” என்றேன்.

“ரெண்டு தடவை எதற்கு? அணைக்கிற நேரத்திலேயே அளந்துவிடுங்கள்.”

“அணைச்சா கரண்ட் ஓடாதே, சார். சுத்தறதுக்கு ஒரு தடவை, கழட்டறதுக்கு ஒரு தடவை. நடுவுல ஓடறப்பதான் அளக்கணும்.”

“கரண்ட் இருந்தால் ஆபத்து, இல்லாவிட்டால் அளவு வராது. அப்படியானால் நாம் வாங்கியிருப்பது என்ன, மேடம்?”

இருந்தாலும் அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். R, Y, B என்ற மூன்று ஃபேஸ்களையும் அளக்க, என்று எழுதினேன். காகிதம் மேல்மாடிகளுக்குப் போய், மூன்று வாரம் சுற்றிவிட்டுத் திரும்பியது. ‘அனுமதிக்கப்படுகிறது. அலுவலர்களுக்கு இடையூறு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை செய்யவும்.’

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஓடாது. போய் அளந்தேன். மூன்று ஃபேஸிலும் வராந்தா விளக்குகளுக்கான சொற்ப கரண்ட். எழுதிக் கொடுத்தேன். அதிகாரிக்கு மனம் நிறைந்துவிட்டது. “பார்த்தீர்களா, எவ்வளவு இடம் இருக்கிறது! அறுபது என்ன, அறுநூறு வைக்கலாம்.”

“சார், வேலை நாள்ல அளந்தாத்தான் கணக்கு” என்றேன். அனுமதி இல்லாமல் அணைக்க முடியாது, அனுமதி ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் என்றார்.

எங்கள் வயர்மேன் திண்டிவனம் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்று இங்கே சேர்ந்தவர். வயதில் பெரியவர், பதவியில் எனக்குக் கீழே. நான் ஊர் வழக்கப்படி அவரை ‘அண்ணாச்சி’ என்பேன், அவர் என்னை ‘மேடம்’ என்பார். ரஸ்ஸி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கேபிள் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து இத்தனை ஆம்பியர் என்று சொல்கிற ஆள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் எனக்குத் தொல்லை.

“இதுக்கு எதுக்கு மேடம் அணைக்கிறது? கண்ண மூடிக் கண்ணத் தொறக்கறதுக்குள்ள சுத்திட்டு வந்துர்றேன். ஜல்தி ஆயிடும்.”

“வேண்டாம் அண்ணாச்சி. உள்ள மொட்டக் கம்பி இருக்கு. கைய வுட வேண்டாம்.”

“கார்கில் டைம்ல நாங்க பாக்காததா?”

“அங்க செத்தா மெடல் குடுப்பாங்க. இங்க எனக்கு மெமோதான் குடுப்பாங்க” என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த நாள் அவரே ஒரு வழியோடு வந்தார்.

“மேடம், நாமதான் அணைக்கக் கூடாது. ஊர்ல கரண்ட் போனா?”

ஜூன் மாத டெல்லி. தினம் இரண்டு முறையாவது மின்வெட்டு. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பெரிய அதிகாரிகளின் அறைகளுக்கும் மட்டும், அதன் பேனலும் தனி. கம்ப்யூட்டர் மாடிகள் இருட்டில் கிடக்கும். அந்த நேரத்தில் நாங்கள் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அரசாங்கம் கொடுக்காத அனுமதியை மின்வெட்டு தினம் இரண்டு முறை கொடுத்துக்கொண்டிருந்தது.

மின்வெட்டு என்றால் கம்பி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, எந்த நொடியும் திரும்பி வரும். அதனால் நான் வீட்டிலிருந்து ஒரு பூட்டு கொண்டுவந்தேன். ஸ்டோரில் ரப்பர் கையுறை கேட்டதற்கு இரண்டும் இடது கைக்கானதைக் கொடுத்தார்கள். நான்கு நடை நடந்து ஒன்றை மாற்றினேன். ரஸ்ஸியை அதிகாரியின் அலமாரியிலிருந்து கையெழுத்துப் போட்டு எடுத்து, தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, தண்ணீர் மோட்டாரின் ஒயரில் சுற்றி, டாங் டெஸ்டர் காட்டியதோடு ஒத்துப் போகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஒத்துப் போனது.

அன்று பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. கட்டடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கல்யாண வீட்டுக்காரர்கள் போல ஓடினோம். மெயினை இழுத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டேன். ஜெனரேட்டர் பேனலில், கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டரைத் தொட்டு அது வேலை செய்கிறது என்று உறுதி செய்து, எங்கள் பேனலில் ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து, திரும்பவும் ஜெனரேட்டர் பேனலில் தொட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி கையுறை போட்டுக்கொண்டு R ஃபேஸ் கேபிளில் மட்டும் ரஸ்ஸியைச் சுற்றினார். கயிற்றின் பூட்டு ‘டக்’ என்றது. கதவைச் சாத்தி, மீட்டரை வெளியே ஸ்டூலில் வைத்து, மெயினில் போட்ட பூட்டைத் திறந்து மெயினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். கரண்ட் வந்து, கம்ப்யூட்டர்கள் எல்லாம் உயிர் பெற்று, எண் மெல்ல ஏறி நூற்று அறுபதில் நின்றது. அந்தக் கேபிள் முந்நூறு வரை தாங்கும்.

அண்ணாச்சி கதவின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நான் நூத்தம்பதுன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

கயிறு ஒன்றுதான். ஆகவே ஒரு மின்வெட்டுக்கு ஒரு கேபிள். அடுத்ததில் Y, மறுநாள் காலையில் B. எல்லாம் ஏறக்குறைய அதே எண். நான்காவது மின்வெட்டில் கயிற்றைக் கழற்றி எடுப்பதாகத்தான் ஏற்பாடு. அண்ணாச்சி உள்ளே குனிந்தவர் நிமிரவில்லை.

“மேடம், இந்த நியூட்ரல் கேபிள் முனை ஏன் இப்பிடிப் பழுத்த எல மாதிரி ஆயிருக்கு?”

எட்டிப் பார்த்தேன். கறுப்பு உறை பழுப்பாகிச் சுருங்கியிருந்தது.

நியூட்ரலைப் பற்றி நாங்கள் படித்தது இதுதான்: மூன்று ஃபேஸிலும் சமமாகக் கரண்ட் ஓடினால், அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நியூட்ரலில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அந்தக் காலத்தில் கட்டடங்களில் மூன்றரை கோர் கேபிள் போட்டார்கள். மூன்று ஃபேஸுக்கு முழுக் கனம், நியூட்ரலுக்குப் பாதிக் கனம். அதைப் போட்டபோது கட்டடத்தில் டைப்ரைட்டர்கள்தான் இருந்தன. யாரும் அதை அளந்ததில்லை. டாங் டெஸ்டர் அந்த மூலைக்குப் போகவும் போகாது.

“அதுல சுத்துங்க, அண்ணாச்சி” என்றேன்.

கரண்ட் வந்த பிறகு மீட்டரைப் பார்த்தோம். இருநூற்று முப்பது. ஃபேஸைவிட அதிகம். பாதிக் கனக் கேபிள் தாங்கக்கூடியதைவிட மிக அதிகம்.

“ரஸ்ஸி பொய் சொல்லுது” என்றார் அண்ணாச்சி. பிறகு தயங்கித் தயங்கி, “ஆனா அந்த முன பொய் சொல்லாதே” என்றார். பேனல் அறைப் பதிவேட்டில் நான்கு எண்களையும் நேரத்தோடு அவரே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் பழைய புத்தகங்களையும் இன்டர்நெட் கடையில் கிடைத்ததையும் படித்துப் புரிந்துகொண்டேன். பல்பும் ஃபேனும் கரண்டைச் சீராக உறிஞ்சும். கம்ப்யூட்டர் வெடுக் வெடுக்கென்று கடித்து இழுக்கும். அந்தக் கடிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கூடிவிடுகின்றன. நியூட்ரலில் ஃபியூஸும் கிடையாது, டிரிப் ஆகவும் ஆகாது. சூடாகிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

நான்கு வரி கொண்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். என்னென்னவோ படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“மேடம், முப்பது வருட சர்வீஸில் நியூட்ரலில் இவ்வளவு கரண்டை நான் பார்த்ததில்லை.”

“யாரும் அளக்கலையே, சார்.”

“கருவியில் பிழை. தவிர, அனுமதி மூன்று ஃபேஸுக்குத்தான். நாலாவது வரியை எடுத்துவிட்டு சுத்தமாக டைப் அடித்துக் கொடுங்கள்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்கள் தங்கை கல்யாணம் எப்போது சொன்னீர்கள்? லீவு விண்ணப்பம் என் மேஜையில்தான் இருக்கிறது, அச்சா?” என்றார்.

மிரட்டல் என்று சொல்ல முடியாது. குரலில் அக்கறைதான் இருந்தது. அவர் என்னை மிரட்டினார் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் அவர் கேட்டதும் எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால், ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த ரயில் டிக்கெட்தான் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று வரி அறிக்கையை நானே டைப் செய்தேன். ‘கேபிளில் போதுமான இடம் உள்ளது’ என்ற வாக்கியமும் என்னுடையதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று வார லீவில் திருநெல்வேலி போனேன். கல்யாணம் நன்றாக நடந்தது.

திரும்பி வந்தபோது அறுபது கம்ப்யூட்டர்களும் வந்திருந்தன. ஒவ்வொரு நாளும் பேனல் அறையைக் கடக்கும்போது மூக்கை இழுத்து மோந்து பார்ப்பேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு முற்பகல், புழுக்கம் தாங்காத நாள், மேல்மாடிகளில் மின்விசிறிகள் திடீரென்று அதுவரை இல்லாத வேகத்தில் சுற்ற ஆரம்பித்தன. ஒரு செக்‌ஷனில் கைதட்டினார்களாம். அடுத்து டியூப்லைட்டுகள் வெள்ளை வெளேரென்று எரிந்து படபடவென்று அணைந்தன. கம்ப்யூட்டர்களின் பின்பக்கத்திலிருந்து புகை. நியூட்ரல் முனை எரிந்து அறுந்துவிட்டிருந்தது. அது அறுந்தால் வோல்டேஜ் தறிகெட்டுப் போகும். இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய நானூறு வரை ஏறும். அண்ணாச்சி ஓடிப் போய் மெயினை இழுத்தார். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் இன்றுவரை என் அதிர்ஷ்டம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாடியில் ஒரு பெண் தன் மேஜைமுன் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆர்.கே.புரத்திலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், டைப்பிஸ்ட்.

“மேடம், மூணு வாரமா அடிச்சேன். ஸப் கதம் ஹோ கயா, எல்லாம் போச்சு. எதனால ஆச்சு?”

“நியூட்ரல் போயிடுச்சும்மா.”

“ஓ” என்றாள். அந்த விளக்கம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நான் படியிறங்கி மூன்றாம் மாடித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றேன்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். முதலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அவர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நான்கு எண்களையும் காட்டினார். அதனால் என் அதிகாரியின் மேல் கேள்வி வரும் என்று நினைத்தேன். என் மேல் வந்தது.

“நியூட்ரலை அளக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றார் தலைவர்.

“யாரும் குடுக்கலை, சார்.”

“வேலை நாளில் மெயினை அணைக்க?”

“மின்வெட்டு நேரத்துல செஞ்சோம், சார்.”

“மின்வெட்டு அனுமதி ஆகாது.” பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். “ஆனால் உங்கள் அறிக்கையில் மூன்று வரிதான் இருக்கிறது. அது ஒழுங்காக இருக்கிறது.”

அப்போதுதான் சொன்னேன். “சார், அந்த அறிக்கைதான் தப்பு. நாலாவது அளவு எனக்குத் தெரியும். எடுத்துட்டு டைப் பண்ணினது நான். இடம் இருக்குன்னு எழுதினதும் நான். அதை எழுதிக்குங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் கனிந்துவிட்டது. “பேட்டி” என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். “இதையெல்லாம் ஏன் சொல்கிறீர்கள்? அனுமதியில்லாமல் எடுத்த அளவு என்றால் அது இல்லாத அளவு. இல்லாத ஒன்றை எப்படி நீக்க முடியும்? தவிர, எங்களுக்குக் கொடுத்த வரம்பில் அது வரவில்லை.”

எழுதிக்கொள்ளவில்லை. அனுமதியில்லாமல் அளந்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. நான் செய்யாமலிருந்திருக்க வேண்டிய காரியத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. செய்த ஒரே நல்ல காரியத்துக்காக மட்டும் என்னைக் கண்டித்திருந்தார்கள்.

அன்று அறையை விட்டு வெளியே வந்தபோது அண்ணாச்சி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னா கேட்டாங்க?”

“அளந்ததுக்கு யார் அனுமதின்னு கேட்டாங்க.”

“மூணு வரி போட்டதப் பத்தி?”

“நானே சொன்னேன். எழுத மாட்டேன்னுட்டாங்க.”

நான் நான்காவது வரியை எடுத்தது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“லீவுல போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், மேடம்” என்றார். “அந்த முனைய மட்டுமாவது வெட்டிப் புதுசா லக்குப் பிடி போட்டு இறுக்கி வச்சிருப்பேன். கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.”

இரண்டு பேரும் படியிறங்கினோம். புதிய கேபிள், நியூட்ரலுக்கு ஃபேஸைவிடக் கனமானதாக, அடுத்த மாதம் வந்தது. அதைப் பேனலுக்குள் வளைத்து நுழைக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. என்னையும் சேர்த்தால் ஏழு.